டிராக்டருக்குப் போன இட்லிப் பானைக் குமிழ்

எங்கள் அண்ணி வீட்டு இட்லிப் பானை மூடிக்குப் பல வருஷங்களாகக் குமிழ் கிடையாது. குமிழ் இருக்கவேண்டிய துளையில் ஒரு துண்டுக் கயிறு முடிச்சுப் போட்டுத் தொங்கும். ஆவி வரும் நேரத்தில் அந்தக் கயிற்றை நம்பித் தூக்கினால் விரல் வெந்துபோகும். பிடிதுணி இல்லாமல் ஆகாது. வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு, "ஒரு மூடி வாங்கக்கூடாதா?" என்று கேட்டால் அண்ணி சிரித்துக்கொண்டே, "குமிழ் வேலைக்குப் போயிருக்குலா. ரிட்டயர் ஆனதும் வந்துடும்" என்பார். அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ரிங்லெட் டவுன் கடையில் புதுப் பானையே வாங்கி வந்தார். அண்ணி அதில் அரிசியைக் கொட்டி வைத்தாரே ஒழிய ஒரு நாளும் இட்லி அவிக்கவில்லை.

குமிழ் வேலை பார்த்த இடம் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் சின்ன டிராக்டர். அண்ணிதான் அதற்கு டிரைவர். நான் அதே எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அண்ணி டிரைவர் ஆவதற்கு முன் இருபது வருஷம் மலையில் கத்தரியால் தேயிலைக் கொழுந்து வெட்டியவர். எங்கள் சரிவுகளில் ஏறி இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் தேய்வது முழங்கால்தான். பழைய டிரைவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது, அந்த இடத்தை எப்படிக் கேட்பது என்று ஆண்களெல்லாம் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி நேரே ஆபீசுக்குப் போய், "எனக்குக் குடுங்க துரை" என்று கேட்டுவிட்டார். துரை என்றால் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஈப்போவிலிருந்து வந்த நம் ஆள்தான், மேனேஜர். பதவியோடு ஒட்டிய பெயர் இன்னும் உதிரவில்லை, அவ்வளவுதான். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தால் தருகிறேன் என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். அண்ணி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துணி, அதற்கு மேல் தொப்பி, அதையும் மீறிக் காதோரம் எட்டிப் பார்க்கும் பூ. அண்ணி டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் தோற்றம் இதுதான். தேயிலைக்கு நடுவே போகும் குறுகலான பாதையில் அந்த வண்டியை அவர் திருப்புவதைப் பார்க்கவே நான் சில நாள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நிற்பேன். எந்தச் சிக்கல் வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "மொதல்ல நிறுத்து. அப்புறம் யோசி." சேற்றில் சக்கரம் மாட்டினாலும் இதையேதான் சொல்வார். எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வந்தாலும் இதையேதான் சொல்வார்.

வண்டி நல்ல வண்டி. அதில் ஒரு குறை. முன்னால் மண் அள்ளும் வாளிக்கு எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் லீவர் இருந்தது. பின்பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. தூக்கும் கை இரண்டு மட்டும் சும்மா மேலும் கீழும் போகும். பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லரில் எருவோ கல்லோ ஏற்றினால், இறக்குவதற்கு இரண்டு பேர் ஏறி மண்வெட்டியால் தள்ள வேண்டும். அது துரையின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "ஓட்ட ஒரு ஆளு, எறக்க ரெண்டு ஆளா? ஆயுத பூஜைக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க. டிரெய்லர் தானா கொட்டணும். இல்லன்னா கோலா தெர்லாவுல ஒருத்தர் இந்த வண்டியக் கேக்குறார், குடுத்துட்டு லோரி வெச்சுக்கலாம்." அண்ணியைப் பார்த்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க பழையபடி வெட்டு வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

அன்று மாலை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்கு நடந்து வந்தோம். படிக்கட்டுக்கு வந்ததும் அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மலையில ஏறச் சொன்னா ஏறிடுவேன் தம்பி. எறங்குறதுதான் முடியாது." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலையை எப்படியாவது முடித்தே தீருவது என்று அந்தப் படிக்கட்டில்தான் நினைத்துக்கொண்டேன்.

செய்யவேண்டியது சொல்வதற்குச் சுலபம். முன்வாளிக்குப் போகும் எண்ணெயை வழியில் பிடித்து, பின்னால் ஒரு புது வால்வுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பழையபடி தூக்கும் கைக்கு அனுப்ப வேண்டும். அந்த வால்விலிருந்து இரண்டு வாய்களை வண்டியின் பின்பக்கம் நீட்டிவிட்டால், டிரெய்லரின் குழாய் இரண்டையும் அவற்றில் செருகிக்கொள்ளலாம். ஒரு குழாயில் எண்ணெய் போனால் டிரெய்லரின் தொட்டி நிமிரும், இன்னொன்றில் போனால் படுக்கும். லெம்பா பெர்த்தாமில் ஓடாமல் கிடந்த ஒரு மண்தோண்டியிலிருந்து நிமிர்த்தும் தண்டைக் கழற்றி வந்தோம். முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது நான் சரியாக முறுக்காத ஒரு மூட்டு பிய்த்துக்கொண்டு, எண்ணெய் என்னைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டியது. அண்ணி இன்ஜினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்குலா தம்பி" என்றார்.

இரண்டாம் முறை எல்லாம் சரியாக வந்தது. லீவரை இழுத்தால் தொட்டி மேலே; தள்ளினால் கீழே. ஆனால் லீவர் வெறும் இரும்புக் கம்பி. நாள் முழுக்கப் பிடித்தால் உள்ளங்கை என்னாவது? மறுநாள் காலை அண்ணி சட்டைப்பையிலிருந்து கறுப்பாக ஒரு குமிழை எடுத்துக் கொடுத்தார். இட்லிப் பானை மூடியில் இருந்தது. நான் கம்பியின் நுனியில் மரை வெட்டித் திருகினேன். அதற்காகவே செய்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. குழாய் மாறிவிடக்கூடாதே என்று, வண்டியில் இரண்டு, குழாய் நுனிகளில் இரண்டு என நான்கு வாய்களிலும் பெயின்ட் பொட்டு வைத்தேன். மேலே தூக்கும் குழாய்க்குச் சிவப்பு, கீழே இறக்குவதற்கு மஞ்சள். சிவப்போடு சிவப்பைச் சேர்க்கவேண்டும், மஞ்சளோடு மஞ்சளை. சின்னப் பிள்ளைக்கும் புரியும் ஏற்பாடு என்று எனக்குப் பெருமை வேறு.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் எஸ்டேட்டில் அன்றைக்கு ஸ்க்ரூடிரைவருக்கும் ஓய்வுதான். வண்டிச் சாவிகளைத் தாம்பாளத்தில் வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் காலை பூசாரி எடுத்துக் கொடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். அண்ணி முந்தைய நாளே டிரெய்லரைக் கழற்றி, குழாய் வாய்களை மண் போகத் துடைத்து, வண்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டி வைத்திருந்தார். பூஜையன்று சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார். விளக்குக்கு, சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு, குமிழுக்கு. பாவம், எண்ணெய் வாய்களை மட்டும் விடுவானேன் என்று அவை நான்குக்கும் தாராளமாக மஞ்சள் சந்தனம் பூசி, நடுவில் சிவப்புக் குங்குமம் வைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கையில் சுண்டல் இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஒரே பனிமூட்டம். பூசாரி சாவியைக் கொடுத்து முடிக்கவில்லை, துரையின் ஜீப் வந்துவிட்டது. கூடவே கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் போடும் அந்த ஆளும் வந்திறங்கினார். நான் அவசர அவசரமாக டிரெய்லரைப் பூட்டிக் குழாய்களைச் செருகினேன். எல்லா வாயிலும் மஞ்சளும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது. கை போன போக்கில் போட்டேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, அண்ணி வண்டியை எருக்குழிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். தொட்டி நிறையக் கோழி எரு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குமிழைப் பிடித்து லீவரை இழுத்தார்.

தொட்டி அசையவில்லை. இன்ஜின் மட்டும் முக்கி முனகியது. மறுபடி இழுத்தார். மறுபடி முனகல். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று ஜீப்பை நோக்கித் திரும்பினார். கோலா தெர்லாக்காரர் டயரைக் காலால் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பம்பு போய்விட்டது, வால்வு அடைத்துவிட்டது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் உளறிக்கொண்டு பின்னால் ஓடி, குழாயைப் பிடித்து இழுத்தேன். இறுகிப்போயிருந்தது, வரவில்லை. அண்ணி அந்த முழங்காலோடு இனி மலை இறங்கப்போவது என்னால்தான் என்ற நினைப்பில் கண்ணே கலங்கிவிட்டது.

"மொதல்ல நிறுத்து தம்பி" என்றார் அண்ணி. இன்ஜினை அணைத்தார். லீவரை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டி, குழாய்க்குள் அடைபட்டிருந்த அழுத்தத்தை விட்டார். பிறகு மெதுவாக இறங்கி, பின்னால் வந்து, அந்த வாய்களைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு, எருக்குழிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். தலைத்துணியை அவிழ்த்து முதல் வாயைத் துடைக்கப் போனார். "அண்ணி, சாமி பொட்டு" என்றேன்.

"எண்ணெ எந்தப் பக்கம் போவுதுன்னு சாமிக்குத் தெரியும்லா. நமக்குத்தான் தெரியல."

சந்தனத்துக்கு அடியிலிருந்து என் சிவப்புப் பெயின்ட் வெளியே வந்தது. அது மஞ்சளோடு சேர்ந்திருந்தது. கழற்றி மாற்றிப் போட்டோம். அழுத்தம் போய்விட்டதால் இப்போது வெண்ணெய்போல் வந்தது. அண்ணி ஏறி உட்கார்ந்து குமிழை இழுத்தார். தொட்டி நிதானமாக நிமிர்ந்து, கோழி எரு மொத்தமும் சரசரவென்று சரிந்து இறங்கியது. கொஞ்சம் துரையின் பூட்ஸ் வரைக்கும் வந்தது. துரை நகரவே இல்லை. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்கல் அதோடு முடியவில்லை. கோலா தெர்லாக்காரருக்கு ஆசை இப்போது இரண்டு மடங்காகிவிட்டது. "இப்படியே குடுத்துடுங்க துரை, இன்னைக்கே ஓட்டிட்டுப் போயிடுறேன்" என்றார். ஓடாதபோது போகவிருந்த வண்டி, ஓடியதால் போய்விடும்போல் இருந்தது. துரை அண்ணியைப் பார்த்தார். அண்ணி இறங்கவில்லை. குமிழின் மேல் வைத்த கையையும் எடுக்கவில்லை.

"வண்டி எஸ்டேட்டோடது, அத நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இந்தக் குமிழ் என் வீட்டு இட்லிப் பானையோடது. இது எங்கயும் வராதுங்க."

துரை எரு ஒட்டிய தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு எங்கே தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கேட்டீங்கல்ல" என்றார் அந்த ஆளிடம். "குமிழ் இல்லாத வண்டிய நான் எப்படி விக்கிறது?" கோலா தெர்லாக்காரரும் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். "அப்ப இந்தத் தம்பிய ஒரு ஞாயித்துக்கெழம அனுப்புங்க, என் வண்டிக்கும் இதே மாதிரி போட்டுக் குடுக்கட்டும்" என்றார். நான் போய்ப் போட்டுக் கொடுத்தேன். அவர் மனைவி அன்று முழுவதும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. குமிழ் கதை அங்கேயும் எட்டியிருக்கிறது. தன் பானை மூடிகளுக்குக் காவல் இருந்திருக்கிறார். எங்கள் வண்டியின் வாய்களில் நான் அதற்கு முன்பே எண் உளியால் ஒன்று, இரண்டு என்று அடித்துவிட்டேன். சந்தனம், குங்குமம் புழங்கும் ஊரில் மஞ்சளும் சிவப்பும் அடையாளம் வைத்த புத்தியை என்ன சொல்ல.

அண்ணி அதன்பின் பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டினார். குமிழை அவர் ஏன் திரும்ப வாங்கவில்லை, ஒர்க்‌ஷாப்பில் வேறு குமிழே கிடைக்கவில்லையா என்று அண்ணன் என்னிடம் கேட்பார். கிடைக்காமல் என்ன, டப்பா நிறைய இருந்தது. ஒன்றை நானே எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி, "அது அங்க இருக்குற வரைக்கும் வண்டி இங்க இருக்கும்" என்றார். கொண்டுபோனதை நான் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

இப்போது அவர் ஓய்வு பெற்று ரிங்லெட்டில் இருக்கிறார். எஸ்டேட்டுக்குப் புது டிராக்டர் வந்திருக்கிறது. பின்பக்கம் நான்கு வாய்கள், பளபளவென்று லீவர்கள், எல்லாம் கம்பெனியிலிருந்தே பூட்டி வந்துவிட்டன. எனக்கு அதில் திருகுவதற்கு ஒன்றுமே இல்லை. பழைய வண்டியைப் பழைய இரும்பு வாங்குபவர் வந்து லோரியில் ஏற்றும்போது, ஒரு நிமிஷம் என்று சொல்லிக் குமிழைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் ஆயுத பூஜை. காலையிலேயே ரிங்லெட்டுக்குப் போனேன்.

அண்ணி குமிழைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை பட்டுப்பட்டு ஒரு பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அடியில் வரிப்பள்ளத்தில் பழைய குங்குமம் கருத்துப்போய் ஒட்டியிருந்தது.

"போயிடுச்சா?"

"நேத்துதான் அண்ணி."

சரி என்று தலையை ஆட்டினார். முந்தானையால் குமிழைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. எதையாவது செய்யலாம் என்று அடுப்பில் இருந்த இட்லிப் பானையிடம் போய் மூடிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். விரல் சுட்டுவிட்டது.

"மொதல்ல நிறுத்து தம்பி" என்று அடுப்பை அணைத்தார். பிடிதுணியால் மூடியைக் கீழே இறக்கி, ஆறவைத்து, கயிற்றை அறுத்துப்போட்டுவிட்டு, எடுத்து வைத்திருந்த பழைய திருகாணியில் குமிழை அவரே திருகினார். அரிவாள்மனைக்கும் கிரைண்டருக்கும் வைப்பதற்கு எடுத்து வைத்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் தொட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "பயப்படாத, இதுல மாத்தி மாட்டறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

பானையை மூடி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். ஆவி வந்ததும் பழக்கதோஷத்தில் நான் பிடிதுணியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. குமிழைப் பிடித்து மூடியைத் தூக்கினார்.