பழைய எண்ணெயில் இல்லாத மேடு

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி லேபில் என் வேலை ரொம்ப சிம்பிள். மெஷினில் ஓடிய எண்ணெயில் ஒரு சொட்டை இன்ஃப்ராரெட் கருவியில் விடுவேன். எண்ணெய் அந்தக் கதிரை எங்கெங்கே விழுங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு வரும். அதைப் புது எண்ணெயின் கோட்டோடு வைத்துப் பார்ப்பேன். தண்ணீர் கலந்திருந்தால் ஓரிடத்தில் மேடு. சூட்டில் கெட்டிருந்தால் இன்னோரிடத்தில் மேடு. கெமிஸ்ட்ரி படித்ததற்கு ஏசி ரூமாவது கிடைத்தது.

போன மாதம் மெயின்டெனன்ஸ் அண்ணன் பிரஸ் மெஷின் எண்ணெயைக் குட்டி பாட்டிலில் கொண்டுவந்தார். திருநெல்வேலிக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஊரில் தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இவருடையதுதான். ஆனால் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: ரிப்போர்ட் நன்றாக வந்தால் லீவு, மோசமாக வந்தால் ஞாயிறு மெஷினை நிறுத்தி எண்ணெய் மாற்ற வேண்டும், அண்ணன் கூடவே இருக்க வேண்டும்.

சொட்டு விட்டேன். வந்த கோடு புது எண்ணெயின் கோட்டின் மேலேயே படுத்துக்கொண்டது. ஒரு மேடும் இல்லை. இத்தனை நாள் சூட்டில் வெந்த எண்ணெய் இவ்வளவு சுத்தமாக இருந்தால் அதற்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

"அண்ணே, இது புது எண்ண பேரல்ல புடிச்சதா?"

அவர் கதவைப் பார்த்தார். "எல்லாம் ஒரே எண்ணெதானல."

அப்புறம் விஷயம் வந்தது. சமீபத்தில் தண்ணீரை ஓடவிட்டு எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரில் கசிவு. சரிசெய்தது அவர்தான். தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று பயந்து, புது எண்ணெயைப் பிடித்து வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

"இத்த ஓகே பண்ணி, அங்க பம்ப் இறுகிப் புடிச்சிக்கினு மெஷின் நின்னா, கொழந்த மடியில குந்தினு கீறப்பவே உனுக்கு போன் வரும்ணே. ஓடுற மெஷின்ல புடிச்சினு வா. இன்னா வருதோ பாத்துக்கலாம்."

முனகிக்கொண்டே போனார். சூடான பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். செங்கல்பட்டிலிருந்து ரயில் டிக்கெட் ஏற்கெனவே போட்டாகிவிட்டதாம்.

கோடு வந்தது. சூட்டுக்கான இடத்தில் சின்ன மேடு; மாற்றும் அளவுக்கு இல்லை. தண்ணீருக்கான இடம் தட்டையாகக் கிடந்தது.

"தண்ணி?"

"இல்லண்ணே."

"நல்லா பாருல."

இன்னொரு சொட்டு விட்டும் காட்டினேன். அதே கோடு. முதலிலேயே இதைக் கொடுத்திருந்தால் இந்நேரம் லீவு கையில் இருந்திருக்கும் என்றேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டதும் பேப்பரை உருவிக்கொண்டு மேனேஜர் ரூமுக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், செங்கல்பட்டு போய் ரயிலைப் பிடிக்க, சிங்கப்பெருமாள் கோவில் வரை போகும் ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்கப் போய்க்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்துக் கையாட்டினார். ஞாயிறன்று வாட்ஸப்பில் போட்டோ வந்தது. பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறது. அண்ணன் சட்டை முழுக்க மொட்டைத் தலைச் சந்தனம்.