லத்தீன்காரி வாய் திறந்த கதை

லிஃப்ட் மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவார். காவலாளியிடம் வெயிலைப் பற்றிப் பேசுவார், மேலாளரிடம் கட்டடத்தின் வயதைப் பற்றிப் பேசுவார், யாரும் அகப்படாவிட்டால் லிஃப்டிடமே பேசுவார். அந்தப் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"என் சம்சாரத்துக்கு லத்தீன் தெரியும்."

கேட்டவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். அதுவரை அவருக்கு ஆனந்தம்தான். யாராவது ஒருவர் "அதை வெச்சு என்ன பண்றாங்க?" என்று கேட்டுத் தொலைத்தால் மட்டும் பதில் வராது. அந்தக் கேள்வியை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் தலையில் இறக்குவார்.

"ஏன் லத்தீன்காரி, பேச ஆளே இல்லாத பாஷையைப் படிச்சு வெச்சிருக்கியே, அதனால என்ன பிரயோஜனம்?"

"பேச ஆள் இல்லைன்னா நிம்மதிதானே" என்பாள் அவள், அவரைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்பக்கம் விளக்கும் பளபளப்புமாக இருக்கும். பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு மேஜை, லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற மெஷின், எப்போதும் ஈரமாக இருக்கிற வெள்ளைத் தூள். ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் குப்பைக்குத்தான். போனதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் அளந்ததையே மறுபடியும் அளப்பாள். வாய்ப்பேச்சிலும் அதே கதைதான். கேள்வி கேட்டால் பதில் உடனே வராது. வந்துவிட்டால் அதில் திருத்த ஒன்றும் இருக்காது. மெக்கானிக்கோ, பேசியதில் முக்கால்வாசியைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஆள். இந்த இரண்டு பேரும் எப்படி இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினார்கள் என்று வியப்பவர்களுக்கு அவரே விளக்கம் சொல்வார்: "ஒருத்தர் கொட்டினா ஒருத்தர் அள்ளணும்ல."

லத்தீன் அவளிடம் வந்து சேர்ந்ததில் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. அவள் படித்த பள்ளியில் இன்னொரு மொழி எடுத்தே ஆக வேண்டும் என்று விதி. சேரப் போன அன்றைக்குத் தம்பிக்குக் காய்ச்சல்; அவனைக் கவனித்துவிட்டுப் போவதற்குள் மற்ற வகுப்புகள் எல்லாம் நிரம்பிவிட்டன. லத்தீன் வகுப்பில் மட்டும் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. "நம்ம மொழி மாதிரிதாங்க அது" என்று கல்யாணமான புதிதில் கணவனுக்குச் சொல்லியிருக்கிறாள். "வினைச்சொல்லோட வாலைப் பார்த்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். போர்த்தோன்னா சுமக்கிறேன். போர்த்தாஸ்னா சுமக்கிறாய்."

"எதைச் சுமக்கறது?"

"அது வாக்கியம் முடிஞ்சாத்தான் தெரியும்."

சுமந்தவள்தான். அம்மா கண்ணை மூடியபோது தம்பி இடுப்புக் குழந்தை. அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. சின்னவன் என்றே எல்லாரும் கூப்பிட்ட அந்தத் தம்பியைக் குளிப்பாட்டியதும் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். வளர்ந்தபின் அவன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிற வேலைக்காகக் கடல் தாண்டிப் போனான். அங்கே ஸ்பானிஷ் பேசுகிற ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள் அவள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஒவ்வொரு ஞாயிறு காலையும் அவன் வீடியோ காலில் வருவான். இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கத்துக்கும் மாற்றிச் சொல்லி, நடுவில் தன் சரக்கையும் சேர்த்துக்கொள்வான். அவ்வளவு வேகமாக அந்த மொழியை எப்படிப் பிடித்தான் என்று கேட்டால், "எல்லாம் அக்கா புண்ணியம்" என்று சிரிப்பான். அதற்குமேல் விளக்கியது கிடையாது.

போன வருஷம் அவன் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். பயணச் சீட்டு எடுத்து, அனுமதி வாங்கி, இவர்கள் கிளம்புவதற்குள் அங்கே அடக்கமே முடிந்துவிட்டது.

லத்தீன்காரி அழுததை மெக்கானிக் பார்க்கவில்லை. கடைக்குப் போனாள், லென்ஸ் தேய்த்தாள், வந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது திடீரென்று சொன்னாள்: "அவன் போயிட்டான். அவன் பொண்டாட்டியும் குழந்தையும் இருக்காங்க. எங்க நடுவுல பேசறதுக்குத்தான் யாரும் இல்லை. நான் ஸ்பானிஷ் படிக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? ஃபோனே மாத்திச் சொல்லுதே இப்போ. அதுல பேசிக்கலாமே."

"சின்னவனைப் பத்தி ஒரு மிஷின் குரல் எனக்குச் சொல்ல வேண்டாம்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. அவரே பேசவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு அவர் கண்ணால் பார்த்தது அவரை அசர வைத்தது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்த மொழியை அவள் உரித்துப் போட்டாள். ரொட்டிக்கு லத்தீனில் பானிஸ், ஸ்பானிஷில் பான். தண்ணீருக்கு அக்குவா, ஆகுவா. கிழட்டுச் சொற்களின் பேரன் பேத்திகளை எல்லாம் முகச் சாயலை வைத்தே அடையாளம் கண்டுபிடித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் செய்தித்தாளே படித்தாள். "படிச்சது வீண் போகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று மெக்கானிக் பெருமையடித்தார். அவர் அப்படி எப்போதும் சொன்னதில்லை.

சறுக்கல்களும் இருந்தன. சின்னவன் மனைவி ஒருமுறை குறுஞ்செய்தி அனுப்பினாள்: குழந்தை பள்ளியிலிருந்து கிளம்பிவிட்டது, அப்புறம் பேசலாம். கிளம்புவதற்கு அவள் எழுதிய சொல்லுக்கு லத்தீனில் குதிப்பது என்று அர்த்தம். "குழந்தை ஸ்கூல்லேர்ந்து குதிச்சிடுச்சாம்" என்று லத்தீன்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மெக்கானிக் கையிலிருந்த டம்ளர் உடைந்தது. குழந்தை சிரித்தபடி நிற்கிற படம் வரும்வரை இருவருக்கும் உயிர் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு மிகவும் வேண்டியிருந்த ஒரு சொல்லை அவள் படித்த லத்தீன் தரவில்லை. ஃப்ராத்தெர் என்று அவள் தெரிந்துவைத்திருந்த சகோதரனுக்கு ஸ்பானிஷில் எர்மானோ. "எல்லாத்தையும் குடுத்துது, தம்பியை மட்டும் குடுக்கலை" என்றாள். அன்றைக்கு மெக்கானிக்குக்குக் கிண்டல் வரவில்லை. அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. படிக்கத்தான் முடிந்தது, பேச முடியவில்லை. ஞாயிறு காலை ஃபோனில் சின்னவன் மனைவியின் முகம் வரும். பேசத் தொடங்கும். லத்தீன்காரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பாள். லத்தீன் வகுப்பில் பழக்கியது அப்படி: முதலில் வினைச்சொல்லைத் தேடு, அப்புறம் செய்தவர் யார் என்று பார், பிறகு மிச்சத்தை அதனதன் இடத்தில் பொருத்து. புத்தகம் அதுவரை காத்திருக்கும். மனுஷி காத்திருப்பாளா? இவள் பதிலை அளந்து, மறுபடி அளந்து, தேய்த்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் மூன்றாவது விஷயத்துக்குப் போயிருக்கும். இவள் வாயை மூடிக்கொள்வாள். மெக்கானிக் மட்டும் வணக்கம், அழகி என்று தனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு "ஓலா, ஓலா, பாப்பா, போனீத்தா" என்று கை ஆட்டிக்கொண்டிருப்பார். குழந்தை அவரைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

அவருக்கு உறைத்தது ஒன்று உண்டு. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் பேச்சின் கடைசியில் "அக்கா" என்று ஆரம்பிப்பாள். சின்னவன் எப்போதும் அப்படியே கூப்பிட்டதால், லத்தீன்காரியின் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்றுவிட்டு எதையோ சொல்ல வருவாள். திரையில் அந்தச் சுருங்கிய கண்ணையும் இறுகிய வாயையும் பார்ப்பாள். நிறுத்திக்கொள்வாள். முகம் வாடிப்போகும்.

ஒரு புதன்கிழமை குறுஞ்செய்தி வந்தது. லத்தீன்காரி அதைப் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன எழுதியிருக்கா?"

"நான் அவ மேல கோபமா இருக்கேன்னு நினைக்கிறா. தம்பியைச் சரியாப் பார்த்துக்கலைன்னு, நாம வர்றதுக்குள்ள எல்லாம் முடிச்சிட்டாள்னு. என் முகத்தைப் பார்த்தாலே தெரியுதாம். இந்த ஞாயித்துக்கிழமையோட சரி, இனிமே தொந்தரவு பண்ண மாட்டேங்கிறா."

"கோபமா இல்லைன்னு எழுது."

"எழுதினா நம்புவாளா? இத்தனை மாசமா மூஞ்சியைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தேனே. ஒரு வார்த்தை சொல்லலையே. தப்பாப் பேசிடுவேனோன்னு பயம். அவன் பொண்டாட்டிகிட்ட, அவன் விஷயத்துல, தப்பா ஒண்ணு சொல்லிட்டா திரும்ப எடுக்க முடியுமா?"

மெக்கானிக் அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்துப் பேசினார்.

"லிஃப்டுல யாராவது மாட்டிக்கிட்டா நாங்க முதல்ல என்ன செய்வோம் தெரியுமா? மெஷினைத் தொட மாட்டோம். கதவுகிட்டப் போய்ப் பேச்சுக் குடுப்போம். நான் இருக்கேன், உங்க பேர் என்ன, காலையில என்ன சாப்பிட்டீங்க, எதையாவது. தப்பாப் பேசினாலும் பரவாயில்லை. சும்மா நின்னு கச்சிதமா ரிப்பேர் பண்ணிட்டு இருந்தேன்னு வை, உள்ள இருக்கறவங்க மேல யாருமே இல்லைன்னு நினைச்சுப்பாங்க." கவிழ்ந்து கிடந்த ஃபோனைக் காட்டினார். "அவ உள்ள மாட்டிக்கிட்டு இருக்கா. நீ வெளிய நின்னு வினைச்சொல்லைத் தேடிக்கிட்டு இருக்கே."

ஞாயிறு வந்தது. மணி அடித்ததும் லத்தீன்காரி ஃபோனைப் பாத்திரத்தில் சாய்த்து வைத்தாள். அந்த முகம் வந்தது. விடைபெற வந்த முகம். அது பேசுவதற்குள் இவள் பேசினாள். மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சொற்கள் தடுக்கித் தடுக்கி விழுவது கேட்டது. எழுந்து நடந்தன, மறுபடி விழுந்தன. ஒரு இடத்தில் சொல் கிடைக்காமல் லத்தீனையே அள்ளிப் போட்டாள். கோபம் இல்லை, இல்லவே இல்லை, நீ என் தம்பியின் வீடு என்று சொன்னதாகப் பிற்பாடு அவருக்கு விளக்கினாள். திரையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றார் மெக்கானிக்.

"அவங்க கோயில்ல லத்தீன்லயே பூசை வைக்கிற ஒரு வயசான பாதிரியார் இருந்தாராம். நான் அவர் மாதிரியே பேசறேனாம்."

சிரித்து முடித்து, அழுதும் முடித்து, அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா" என்று ஆரம்பித்தாள். இந்த முறை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் சின்னவன் ஸ்பானிஷில் பேசவே இல்லையாம். தன் மொழியில்தான் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தானாம், ஒன்றையே திரும்பத் திரும்ப. அவளுக்கு அதில் அக்கா என்ற பெயர் மட்டும்தான் புரிந்ததாம். மீதியை மறந்துவிடக் கூடாது என்று தினமும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து இத்தனை மாதம் வைத்திருக்கிறாள். அர்த்தம் கேட்க ஆள் இல்லை. அக்காவிடம் கேட்கலாம் என்றால் அக்காவின் முகம் அப்படி இருந்தது.

பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் ஒப்பிக்கிறவள் போலச் சொன்னாள்.

"அக்கா, சத்தமா படி."

மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அன்றைய பேச்சில் அவருக்கு முழுசாகப் புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். திரும்பிப் பார்த்தார். லத்தீன்காரி அசையாமல் இருந்தாள். மறுபடி வினைச்சொல்லைத் தேடப் போய்விட்டாளோ என்று பயந்து அவள் கையைத் தொட்டார்.

"அம்மா போனப்புறம் அவனுக்குத் தூக்கமே வராதுங்க" என்றாள் மெல்ல. "என் குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும். எனக்கோ கதை எதுவும் தெரியாது. பாடம் படிக்கிறதைத்தான் சத்தமாப் படிப்பேன். நிறுத்தினா உடனே இதைச் சொல்லுவான்."

பிறகு திரையைப் பார்த்து அதை ஸ்பானிஷில் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்லும் தடுக்கவில்லை. படி என்பதற்கும், சத்தமாக என்பதற்கும் அந்த மொழி வைத்திருந்த சொற்கள் அப்படியே அவளுடைய பழைய பாடத்தின் சொற்கள். தம்பி என்ற சொல்லைத் தராத லத்தீன், தம்பி சொன்னதை முழுசாகக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"என்ன படிப்பீங்கன்னு கேட்கிறா" என்றாள் லத்தீன்காரி. தொண்டையைச் செருமிக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்த பள்ளிக்கூடப் பெண்ணைப் போல, சமையலறை முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"போர்த்தோ, போர்த்தாஸ், போர்த்தாத்…"

அங்கேயே குரல் உடைந்தது. மேலே போக முடியவில்லை.

அந்தப் பக்கம் திரைக்கு வெளியே எங்கோ விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, தலையைக்கூடத் தூக்காமல், அப்பாவிடம் தினமும் கேட்டுத் தூங்கிப் பழகிய ராகத்தில் மீதியை முடித்தது.

"போர்த்தாமுஸ், போர்த்தாத்திஸ், போர்த்தாந்த்."

இப்போதும் கட்டடங்களில் மெக்கானிக் அதே பெருமையைத்தான் சொல்கிறார். அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால், "உட்காருங்க, சொல்றேன்" என்கிறார்.