சந்தனப் பொட்டு வைத்த எஞ்சின்

போன வாரம் ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் கையில் தேய்த்தாள். உடனே எனக்கு வாயில் சாளை மீன் ருசி வந்தது. சிரித்துவிட்டேன். "ஊசிக்குச் சிரிக்கிற ஆள இப்பத்தான் பாக்கேன் தாத்தா" என்றாள் அந்தப் பிள்ளை. ஸ்பிரிட்டுக்கும் சாளைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். உங்களிடம் சொல்லலாம். உங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

நான் ரயில்வேயில் பயர்மேனாக இருந்தவன். நீராவி எஞ்சினுக்குக் கரி போடுகிற வேலை. திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் மீட்டர்கேஜ் வண்டி ஓடிய காலம். மேலப்பாளையம் மீரான் என்னோடு இரண்டாவது பயர்மேன். அவர் கரியை உடைத்து முன்னால் தள்ளுவார். நான் ஷவலால் அள்ளி அடுப்புக்குள் வீசுவேன். திருச்செந்தூரில் மீன்கூடைக்காரிகள் ஏறுவார்கள். உவரிக்காரி ஒருத்தி எஞ்சினைத் தாண்டும்போது ஒரு கை சாளையை எங்களுக்குப் போட்டுவிட்டுப் போவாள். ஷவலைக் கழுவி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய மீனை அதில் வைத்து அடுப்பு வாய்க்குள் நீட்டினால் ஒரு நொடியில் பொரிந்துவிடும். அந்த மாதிரி பேச்சி ஒரு நாளும் பொரித்ததில்லை. பேச்சி என் மனைவி. இதை அவளிடமும் ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு வெகுநாள் வீட்டில் மீன் வாங்கவில்லை.

அந்த வேலையில் எனக்குப் பயம் ஒன்றுதான். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் முகத்துக்கு நேரே இருக்கும். சில நேரம் அது வெடிக்கும். ஆவியும் வெந்நீரும் கண்ணாடித் தூளும் சேர்ந்து வரும். அதற்குள் கையை விட்டுத்தான் குழாய்த் திருகை மூட வேண்டும். ஒரு தடவை ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வெடித்தது. என் வலது கை ஆவிக்குள்ளிருந்து திரும்பி வந்தது நினைவிருக்கிறது. உள்ளே போனது நினைவில்லை. கை முன்னால் போய்விட்டது, நான் பிறகுதான் போனேன். டிரைவர் "கை இருக்கா லே?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். அடுத்த ஸ்டேஷனில் டீ குடித்தோம்.

அந்தக் கைதான் போன வருசம் ஒரு காலையில் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். காலும் வாயும் சீக்கிரம் திரும்பிவிட்டன. வாய் குழறியதை வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை என்பது மீரானின் கட்சி. "அந்த மனுசன் எப்பம் பேசினாரு, நின்னுபோச்சுன்னு தெரியுததுக்கு?" என்று ஆஸ்பத்திரியிலேயே எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

கை மட்டும் வரவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியாது. சோறு பிசைய முடியாது. இடது கையால் சாப்பிட எனக்கும் மனசில்லை, பேச்சியும் விடமாட்டாள். அதனால் அவள் ஒரு எவர்சில்வர் கரண்டியால் ஊட்டினாள். அவள் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கரண்டி பல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் பாதி வயிற்றோடு போதும் என்று விடுவேன். இனி சாகும்வரை இப்படித்தானோ என்று நினைப்பேன். வெளியே சொன்னதில்லை.

கைப்பயிற்சி சொல்லித்தந்த பெண், பொடி வேலை ஏதாவது செய்யச் சொன்னாள். நிலக்கடலை உரி, பாசி கோர் என்றாள். பாசி கோர்க்கிற வயதா எனக்கு? எங்கள் மகள் செல்விக்கு இந்த விஷயம் போயிற்று. அவள் பெங்களூரில் இருக்கிறாள். கூரியரில் ஒரு பெட்டி வந்தது.

திறந்தால் ஒரு சின்ன நீராவி எஞ்சின் துண்டு துண்டாகக் கிடந்தது. சக்கரம் தனி, புகைக்கூண்டு தனி, கடுகு மாதிரித் திருகாணிகள். பேச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "பாவி, கூரியர்காரன் இப்படியா உடைச்சுக் கொண்டாருவான்?" என்றாள். நாமே பூட்டிக்கொள்ள வேண்டியது என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. செல்விக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் சமாதானம் ஆனாள்.

விளக்கத் தாள் இங்கிலீஷில் இருந்தது. படமும் இருந்தது. எனக்குப் படம் போதும். திருகாணி உருண்டு ஓடாமல் இருக்கச் சுளகில் போட்டு வைத்தோம். பேச்சிதான் அரிசியில் கல் பார்க்கிற மாதிரி விரலால் தள்ளித் தள்ளி எடுத்துத் தருவாள். நான் இடது கையால் திருப்புவேன். வலது கையைத் தாள் பறக்காமல் வைக்கும் கல்லாகத்தான் வைத்திருந்தேன். மீரான் தினமும் பிற்பகல் அசர் தொழுதுவிட்டு ஆட்டோவில் வந்துவிடுவார். வந்ததும் அந்தக் கையைத்தான் பார்ப்பார்.

"அந்தக் கைக்கு மட்டும் தனியா பென்சன் வாங்கிக் குடுத்திருக்கீரோ?"

"அது வராது வே."

"கூப்பிட்டாத்தான வரும். பைய கூப்பிடும்."

கூப்பிட்டேன். திருகாணி விழுந்தது. சுளகைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. மீரான் முட்டுவலியோடு படுத்துத் துழாவி எடுத்துத் தந்தார். மறுபடி விழுந்தது. "ஒம்ம கைக்கு வேலை குடுக்கச் சொன்னா எனக்குக் குடுக்கீரு" என்றார். திருப்புளி நுனியில் வாசலைனைத் தொட்டுத் திருகாணியை ஒட்ட வைக்கலாம் என்று பேச்சி கண்டுபிடித்தாள். அதன் பிறகு அவ்வளவாக விழவில்லை. பெருவிரலும் பக்கத்து விரலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. ஆனாலும் நான் அந்தக் கையை நம்பவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் சோற்றுப் பருக்கை ஒன்றை எடுத்துப் பார்ப்பேன். வாய்க்குப் போகும் முன் விழுந்துவிடும்.

எஞ்சின் ஒரு மாதிரி முடிந்தது. ஆனால் கடைப் பொம்மை மாதிரிப் பளபளவென்று இருந்தது. எங்கள் எஞ்சின் அப்படியா இருந்தது? பழைய மோட்டார் கம்பியை வளைத்துக் கைப்பிடி வைத்தோம். அடுப்புக்கரியை இடித்துப் பின்னால் கொட்டினோம். எண்ணெய்த் துணி ஒரு நூலளவு தொங்கவிட்டோம். டப்பா மூடியை வெட்டி ஷவல் செய்தேன். மீரான் ஒரு நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து அதன் மேல் வைத்தார். அப்போதுதான் முழுசாக இருக்கிறது என்றார். அன்று சாயங்காலமே பூனை அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஷவலையும் சேர்த்து. அதனால் இன்னொரு ஷவல் வெட்டினேன். அதை வலது கையால் வெட்டினேன் என்று மீரான் சாதிக்கிறார். எனக்கு நினைவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. மீரான் பையில் சாளை வாங்கி வந்திருந்தார். பேச்சி குழம்பு வைத்து, கொஞ்சம் பொரித்தும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். செல்வி அனுப்பிய குட்டித் தண்டவாளத்தைத் தரையில் வட்டமாகப் பூட்டியிருந்தோம்.

எங்கள் ஷெட்டில் ஆயுத பூசைக்கு எஞ்சின்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். மீரானுக்குப் பொட்டு கிடையாது, பொரிகடலை உண்டு. இரண்டு பங்கு வாங்குவார். புது எஞ்சினைப் பூசை இல்லாமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எலுமிச்சம்பழம் எஞ்சின் உயரம் இருந்தது. "இது மேல ஏத்துனா பழம் நசுங்காது வே, எஞ்சின்தான் நசுங்கும்" என்றார் மீரான். பேச்சி கொல்லையிலிருந்து மணத்தக்காளிப் பழம் ஒன்று பறித்து வந்தாள். சந்தனத்தையும் அவளே குழைத்து முகப்பில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று வைத்தாள். பாய்லர் உச்சியில் பித்தளையில் கலசம் மாதிரி ஒரு குமிழ் இருந்தது. அதற்குத் தாராளமாக வைத்தாள். நான் பாய்லருக்கு அடியில் செருகும் தட்டில் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைப்பதில் குனிந்திருந்தேன்.

தண்ணீர் சூடாகிப் போதுமான ஆவி சேர்ந்தால் சேப்டி வால்வு உஸ்ஸென்று ஊதும். ஊதியதும் நெம்புகோலைத் தள்ள வேண்டும். காத்திருந்தோம். ஊதவில்லை.

"அவசரப்படுதீரு. குட்டி எஞ்சின், பைய வரும்" என்றார் மீரான்.

இன்னும் காத்திருந்தோம். பேச்சி குனிந்து முகத்தை எஞ்சினுக்கு நேரே வைத்துக்கொண்டு, "உள்ள கொதிக்குது, சத்தம் கேக்கு" என்றாள். எனக்கும் கேட்டது. கொதிக்கிற சத்தம் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவன் முனகுவது மாதிரி. பாய்லர் பூட்டிய இடுக்கில் தண்ணீர் முத்து முத்தாகச் சீறியது. அப்போதுதான் உச்சியைப் பார்த்தேன். கலசம் இல்லை அது. சேப்டி வால்வு. சந்தனம் காய்ந்து, ஆவி வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து நினைவிருப்பது, விளக்குத் தட்டு எஞ்சினுக்கு வெளியே இருந்ததும், பேச்சி பின்னால் சாய்ந்து கிடந்ததும். "தள்ளிப் போளா" என்று கத்தினேனாம். மீரான் துண்டை வீசி விளக்கை அணைத்தார். முனகல் பையப் பைய அடங்கியது.

மீரான்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏ தங்கச்சி, நீ பொட்டு வச்சது நெத்தி இல்ல. மூக்கு."

பேச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சாமி கலசம்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி."

மீரான் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கையால வே எடுத்தீரு?"

பார்த்தேன். தட்டு என் வலது கையில் இருந்தது. விரல்கள் அதைச் சுற்றி மடங்கியிருந்தன. நுனி சுட்டது. அந்தக் கையில் சூடு தெரிந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நான் தட்டைக் கீழே வைக்கவில்லை. சுடட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"கை இருக்கா லே?" என்றார் மீரான், அந்த டிரைவர் குரலில்.

"இருக்கு" என்றேன்.

வால்வை வெந்நீரில் கழுவி ஊசியால் குத்தி எடுத்து மறுபடி ஏற்றினோம். உஸ்ஸென்றது. மணத்தக்காளியை நசுக்கிக்கொண்டு தண்ணீர் தீரும்வரை சுற்றிச் சுற்றி ஓடியது. அதற்கு விசில் கிடையாது. மீரான் வாயால் ஊதினார்.

பிறகு பேச்சி தட்டில் சோறு போட்டு, பொரித்த சாளையை வைத்தாள். கரண்டியைக் கொண்டுவரவில்லை. மீரானிடம் ஏதோ கேட்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பிசைந்தேன். பாதி சிந்தியது. "கோழி வளத்தா அதுக்கும் வயிறு நெறஞ்சிருக்கும்" என்றார் மீரான். மீதிப் பாதி வாய்க்குப் போயிற்று. வீடு முழுக்க ஸ்பிரிட் வாசனை. "ஷவல்ல பொரிச்சத விட நல்லாருக்கு" என்று பேச்சியிடம் சொன்னேன். அது பொய் இல்லை.

எஞ்சின் அலமாரியில் இருக்கிறது. செல்வி வந்தால் ஓட்டுவோம். முகப்பில் மட்டும் பொட்டு. ஷெட் இருந்த இடம் இப்போது அடையாளம் தெரியவில்லை. திருச்செந்தூர்ப் பாதை அகலமாகி, மேலே கரண்டுக் கம்பியும் வந்துவிட்டது. கரிப்புகை போய்விட்டதே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் படுவதில்லை. வேலை முடிந்து சிந்துபூந்துறையில் குளித்தால் என்னைச் சுற்றி ஆறே கறுக்கும். இருமினால் சளியும் கறுப்பு. வெடிக்கிற கண்ணாடிக்குள் இன்று யாரும் கையை விட வேண்டியதில்லை. போனது நல்லதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று காணாமல் போயிற்று. அந்த எவர்சில்வர் கரண்டி. எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போன மாதம் உப்புக்காக ஜாடியைத் திறந்தேன். அடியில் புதைந்து கிடந்தது. உப்பை விரலால் அள்ளிக்கொண்டு மூடி வைத்துவிட்டேன்.