கோடு சாரின் ஞாயிற்றுக்கிழமை

நீளக் காகிதச் சுருளை மேசையில் விரித்து, ஒரு முனையில் டீ கப்பையும் மறுமுனையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் வைத்து அழுத்துகிறார். திரையிலேயே எல்லாம் தெரிந்தாலும் மனிதருக்குக் காகிதம்தான் வேண்டும். அதில் நெளிந்து இறங்கும் கோடுகள், எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கிய கருவிகள் அனுப்பியவை. மூன்று கிலோமீட்டர் ஆழத்துப் பாறையில் எவ்வளவு துளை, அதில் இருப்பது எண்ணெயா உப்புத்தண்ணீரா என்று சொல்வது இவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குக் 'கோடு சார்' என்றே பெயர்.

"நான் என்ன உள்ள இறங்கியா பாக்கறேன்? எல்லாம் ஒரு குத்துமதிப்புதான்" என்பார். குத்துமதிப்பைப் புள்ளி வைத்து மூன்று இலக்கம் வரை எழுதுவார்.

முதலில் அவர் விரல் போவது கிணற்றின் அகலத்தைக் காட்டும் கோட்டுக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்க்கத் தவறிவிட்டார். சுவர் சரிந்து அகன்ற இடத்தில் கருவி பாறையைத் தொடவே இல்லை. வெறும் சேற்றை அளந்துவிட்டு 'துளை நிறைய' என்றது. இவரும் தலையாட்டினார். கிணறு கையை விரித்துவிட்டது. "தொடாம அளந்தா எல்லாம் நல்லாத்தான்யா தெரியும்" என்று இன்றும் புலம்புவார்.

மனைவி காலமான பிறகு வீட்டில் ஒண்டிக்கட்டை. ஒரே மகள் கல்யாணமாகி, விமானத்தில் போகும் தூரத்தில் இருக்கிறாள். ஞாயிறு காலை கூப்பிடுவாள். அதற்குப் பிறகு திங்கள்வரை அவர் வாய் திறக்க ஆளில்லை. திங்களன்று பிடித்துக்கொண்டால் விடமாட்டார். பக்கத்து மேசைக்காரனான நான் கோப்பைத் தேடுவதுபோல் நழுவிவிடுவேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

போன திங்கள் அவர் மேசையில் வரைபடத்தாள் ஒன்று கிடந்தது. ஒற்றைக் கோடு, கீழே இறங்கிக்கொண்டே போனது.

"இது எந்தக் கிணறு சார்?"

"கிணறு இல்லப்பா. பாப்பா போன்ல பேசற நிமிஷம். முன்ன நாப்பது, நேத்து ஆறு. மூணு மாசமா மாப்பிள்ளை குரலே கேக்கல. கேட்டா, 'நல்லா இருக்கேன்பா'ங்கறா."

சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"கோட்டுல சந்தேகம்னா நாம என்ன செய்வோம்?" என்று கேட்டார்.

"பாறையையே வெட்டி மேல கொண்டாந்து, கையில வெச்சுப் பாப்போம்."

அவர் இழுப்பறையிலிருந்து விடுப்பு விண்ணப்பத்தை எடுத்தார். பதினோரு வருடத்தில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'நேரில் பார்க்க' என்று எழுதினார். எத்தனை நாள் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.