வலைப்பூவுக்கு வைத்த பேனர்

எனக்கு ஒரு வலைப்பூ இருப்பது வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் என் கணவர்; அவர் அதைப் படித்ததில்லை. இன்னொருவன் என் கொழுந்தன். பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான், பக்கத்தின் முகப்புப் படத்தை அவன்தான் செய்து கொடுத்தான்; அதோடு சரி, அவனும் படித்ததில்லை. மாமியாருக்கு மட்டும் தெரியவே கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். நான் எழுதியதே அவரைப் பற்றித்தானே.

ஆரம்பத்தில் அப்படியில்லை. கூட்டம் சேர்ப்பது எப்படி என்று இணையத்தில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். தலைப்பில் பாண்டிச்சேரி வர வேண்டுமாம், படம் கண்ணைப் பறிக்க வேண்டுமாம். வெயில் ஏறுமுன் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்களுக்குப் போய் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக எடுத்துப் போட்டேன். வந்தார்கள், எந்த லாட்ஜில் தங்கலாம் என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். ஒருத்தரும் மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. வெறுத்துப்போய் ஒருநாள், அரியாங்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையைப் பற்றி எழுதினேன். மாமியாருக்கு அதில் ‘அதிகாரி’ என்று பட்டம் சூட்டியிருந்தேன். அதற்குத்தான் பின்னூட்டம் குவிந்தது. “எங்க வீட்லயும் ஒரு அதிகாரி இருக்காங்க” என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் எழுதினார்கள். இந்த வாரம் அதிகாரி என்ன செய்தார் என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கொழுந்தனுக்குத்தான் திருப்தியில்லை. “நம்ம ஊர்ல பேனர் வெக்காம எதாவது ஓடுமா அண்ணி?” என்பான். காதுகுத்துக்கும் பிறந்த நாளுக்கும் பத்தாவது பாஸானதற்கும் பேனர் வைக்கிற ஊர்தான். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டவுனில் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப்பில் பட்டுப்புடவையோடு நானே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். ‘எங்கள் அன்பு அண்ணியின் வலைப்பூ இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது.’ கீழே வரிசையாக அவன் கூட்டாளிகளின் தலைகள். ஓரத்தில் முறம் அளவுக்கு ஒரு கியூஆர் கோடு. அவனைத் திட்டி அதைக் கழற்ற வைப்பதற்குள் தெருவே பார்த்துவிட்டது.

அதிகாரி பதிவுகளை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழித்தால் வலைப்பூவில் மஞ்சள் சுவர்தான் மிஞ்சும். விட்டுவைத்தால் அந்த வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா? ஒரு முடிவுக்கும் வராமலே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்திருந்தார் மாமியார். எங்கள் எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, “என்னமோ எழுதறியாமே. யாராவது படிச்சுக் காட்டுங்க” என்றார்.

கொழுந்தன் குஷியாகப் போனை எடுத்தான். “இதுக்குத்தாம்மா கூட்டம் ஜாஸ்தி” என்று ஆரம்பித்தான். அதிகாரி மீன் பங்கு வைக்கிற கதை அது. நடுத்துண்டு மகன்களுக்கு, வால் மருமகளுக்கு. பாதியில்தான் அவனுக்கே விஷயம் உறைத்தது. குரல் இறங்கிக்கொண்டே போனது. என் கணவர் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

மாமியார் கடைசிவரை கேட்டார். “எல்லாம் சரிதான். நான் என்ன துண்டு திங்கிறேன்னு எழுதலியே?”

எனக்குத் தெரியவில்லை. எப்போதும் எங்களுக்குப் பிறகு, அடுப்படியில் தனியாகத்தான் சாப்பிடுவார். ஐயோ, ஒன்றும் மிஞ்சுவதில்லை போலிருக்கிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“வா இங்க” என்று அடுப்படிக்குக் கூப்பிட்டார். மீன் வறுத்த சட்டியில் ஒட்டிக்கிடந்த மசாலாவின் மேல் சுடுசோற்றைப் போட்டு, முறுகிப்போன கறிவேப்பிலையோடு அழுத்திப் பிரட்டினார்.

“நடுத்துண்டாம் நடுத்துண்டு. ருசியெல்லாம் இங்கதான் கெடக்கு. இத்தினி வருஷமா ஒருத்தருக்கும் காட்டல.”

ஓர் உருண்டை பிடித்து என் கையில் வைத்தார். வாயில் போட்டேன். அவர் சொன்னது நிஜம்தான். நாங்கள் மூன்று பேரும் இவ்வளவு நாள் ஏமாந்திருந்தோம்.

“இத எழுதட்டுமா அத்தை?” என்றேன்.

சட்டியைச் சுரண்டியபடி கொஞ்சம் யோசித்தார்.

“எழுதிக்கோ. உனக்கு ஒரு உருண்டை குடுத்தேன்னும் சேத்து எழுது.”