டியூப்பால் கட்டிய கால்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் முன்னால் போன பஸ் நின்றதும் நானும் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் ஓட்டவென்றே வாங்கிய புதுச் சப்பாத்தின் அடியிலிருந்த கொக்கி பெடலில் மாட்டியிருந்தது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். அது நினைவு வருவதற்குள் சைக்கிளோடு இடப்பக்கம் விழுந்துவிட்டேன்.

சின்ன வயதில், கம்பளையில் அக்காவும் இப்படித்தான் விழுந்தாள். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய அவளது இடது கால் பெடலில் நிற்காது. அப்பா பழைய டியூப்பைக் கீறி, காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டிவிடுவார். அவள் காலுறையில் ரப்பர் வாடை போகவே போகாது. அந்தப் பக்கம் சாயாமல் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை ஓடுவது என் வேலை. நான் ஓடாத நாளில் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

ஒருநாள் கடவையில் ரயிலைப் பார்த்துக் கையை விட்டுவிட்டேன். விழுந்து கிடந்தவள் அழவில்லை.

"பெட்டியெல்லாம் எண்ணி முடிச்சிட்டா வந்து அவுத்து விடுடா" என்றாள்.

வீட்டில் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. "முடிச்சை என் கைக்கு எட்டுற மாதிரி போடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். வலப்பக்கம் சாய்ந்து நிற்கப் பழகி, தனியாகவே போனாள். நான் படிப்பை விட்டு ஊர் சுற்றக் கிளம்பிய பிறகும் போய்க்கொண்டிருந்தாள்.

பாலத்தில் எனக்குப் பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஒருவர் இறங்கி ஓடிவந்தார். "கால இழுத்து விடவா அண்ணே?"

"வேணாம் தம்பி, நானே கழட்டிக்கிறேன்" என்று படுத்தபடியே குதிகாலைத் திருப்பினேன்.