மைனி வேண்டாம் என்ற வாரண்டி

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம், ஒரு திருகாணியை மறைத்து ஒட்டியிருந்த வெள்ளி நிற ஸ்டிக்கர்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. கட்டைவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும். கிழிந்தால் வாரண்டி செல்லாது என்று அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். தூத்துக்குடியில் ஏசி போட்ட ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் மைனி, அதாவது என் அண்ணன் பெண்டாட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த ஸ்டிக்கரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிற எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். இவளோ மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல நேராகப் பின்பக்கம் போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மைனியும் நானும் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அதனால் எங்களுக்குள் வா, போ தான். மணப்பாட்டிலிருந்து எங்கள் பெரியதாழைக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை, வீட்டு முன்னறையில் ஒரு ஆன்லைன் சென்டர் வைக்க வேண்டும். ஒரு சான்றிதழுக்கு, ஒரு விண்ணப்பத்துக்கு என்று ஊர்ப் பெண்கள் வெயிலில் பஸ் பிடித்து திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்த முன்னறை அப்பா இருந்தவரை வலையும் வள்ளத்து இஞ்சினும் கிடந்த இடம். அப்பா போன பிறகு அதை ஒரு மீன் வியாபாரிக்கு ஐஸ் பெட்டி வைக்க வாடகைக்கு விட அம்மா பேசி முடித்திருந்தாள். மைனி விடாமல் கேட்டதில், "சரி, ஒரு வருஷம் பாப்போம். அந்த மிஷினு ஓடலன்னா ரூமக் குடுத்துரணும்" என்று இறங்கி வந்தாள். ஆக, அந்த ஒற்றைப் பெட்டி ஒரு வருஷம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால்தான் மைனிக்கு அந்த அறை.

அண்ணன் கப்பலில் மோட்டார்மேன், இஞ்சின் அறையில் வேலை. எந்தக் கடலில் இருந்தானோ, அங்கிருந்தே போன் போட்டு, "எதை விட்டாலும் வாரண்டிய மட்டும் விட்டுராத" என்று சொல்லியிருந்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. அதனால் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். தெரிந்ததெல்லாம் டைப் அடிப்பதும், மக்கர் பண்ணினால் ஒயரைப் பிடுங்கிச் செருகுவதும்தான். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று நானும் துணைக்குப் போயிருந்தேன்.

கடையில் இருந்த தம்பி டை கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "அக்கா, ஒரு வருஷ வாரண்டி சும்மாவே வருது. மேல மூணு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுட்டீங்கன்னா, நீங்க அதப் பத்தி நெனைக்கவே வேண்டாம்."

"தம்பி, இந்த மூடிய நான் தொறக்கலாமா?" என்றாள் மைனி.

"நீங்க எதுக்குக்கா தொறக்கணும்? எங்க ஆளு வருவாரு."

"பெரியதாழைக்கா?"

தம்பி பிடரியைச் சொறிந்தான். "அந்தப் பக்கம் நாலஞ்சு கம்ப்ளெயிண்ட் சேந்ததும் மொத்தமா வருவாங்கக்கா. ஒரு வாரம், பத்து நாளு ஆகும்."

"துருப் பிடிச்சா?"

"துரு, ஈரம் அதெல்லாம் வாரண்டில வராதுக்கா."

மைனி நிமிர்ந்தாள். "அப்பம் எங்க ஊர்ல எது வருமோ, அது இதுல வராது. சரிதான தம்பி?"

அவன் சிரித்துச் சமாளித்தான். எனக்கோ அவசரம். "ஏளா, அண்ணன் படிச்சுப் படிச்சு சொன்னான்லா? எடுத்துட்டு வா, போவோம்" என்று அவள் முழங்கையை இடித்தேன். அவள் திரும்பி, "ஒங்க அண்ணன் கப்பல்ல இஞ்சினத் தொறக்காமயா வேல பாக்கான்?" என்று கேட்டாள். கடல்காற்று படுகிற எந்தச் சாமானையும் திறந்து துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மூடி வைத்தால் உப்பு உள்ளுக்குள்ளேயே இருந்து தின்றுவிடும் என்பது அவள் கட்சி. அவள் அப்பா கரைக்கு வந்ததும் முதல் வேலையாக இஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவாராம். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காப்பி. கடைத் தம்பி பொறுமையாக, "நீங்க தொறந்தா சும்மா வர்ற ஒரு வருஷமும் போயிரும்க்கா" என்றான். "போட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தைதான்.

நான் வாரண்டி கட்சியில் இருந்தது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை, இப்போதும் அதைச் சொல்வேன். எங்கள் ஆபீஸில் ஜன்னல் திறந்து நான் பார்த்ததில்லை. ஏசியும் கண்ணாடியும் போட்ட இடத்தில் ஒரு பெட்டி வருஷக்கணக்கில் திறக்காமலே கிடக்கும், கெட்டால் ஆள் வருவான், மாற்றிக் கொடுப்பான். அப்படிப்பட்ட இடத்துக்கு அந்தக் காகிதம் நல்லதுதான். எங்கள் வீடோ, ஜன்னல் கம்பியைப் பிடித்தால் கையில் துரு ஒட்டுகிற வீடு. புதுசாக வாங்கிய மின்விசிறியின் இறக்கை அடுத்த பண்டிகைக்குள் பொரிந்துபோகும். அதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான் கடையில் நின்றபோது ஆபீஸ்காரியாக மட்டும்தான் யோசித்தேன். மைனி பெட்டி போய் உட்காரப்போகிற இடத்தை நினைத்து யோசித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அம்மா கண் முன்னாலேயே அந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தது. "மாதாவே! புதுச் சாமான வந்த அன்னைக்கே பிச்சுட்டாளே, கூறு கெட்டவ!" என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். போனில் அண்ணனிடம் அவளே சொன்னாள். அவன், "நீயாச்சு, ஒன் மாமியாராச்சு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் என்றால் அவளுக்கு அதுதான் வேலை. ஒயரையெல்லாம் கழற்றி, கடல் பக்கத்து ஜன்னலை அடைத்து, தரையில் பழைய வேட்டியை விரித்து, பெட்டியைப் படுக்கப்போடுவாள். சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வாங்கிய சின்ன பிரஷ் ஒன்று, காற்றடிக்கிற ரப்பர் உருண்டை ஒன்று. செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இது விசிறி, இது மெமரி, இது பவர் சப்ளை என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பழகினாள். ஆரம்பத்தில் ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது என்று சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறாள். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அம்மா, "எம் மருமவ மிஷினக் குளுப்பாட்டுதா, வந்து பாருங்க" என்று நக்கலடிப்பாள். மைனியும் சளைத்தவள் இல்லை. "ஆமா மாமி, துண்டு எடுத்துட்டு வாங்க" என்பாள். நான் விடுமுறைக்குப் போனால் இந்த இருவர் பேச்சைக் கேட்டே வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வருவேன்.

சிரிப்பெல்லாம் ஒருநாள் நின்றது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போட அன்று சாயங்காலம்தான் கடைசி. முன்னறையிலும் வாசலிலும் பிள்ளைகளோடு தாய்மார்கள் நிற்கிறார்கள். நானும் லீவில் வந்திருந்தேன். மைனி பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது, பீப் பீப் என்று கத்தியது, திரை கறுப்பாகவே நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே கத்தல். அம்மா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, "ஐஸ் பெட்டிக்காரன் நேத்துகூட வந்து கேட்டான்" என்றாள். மைனியின் முகம் அப்படியே வாடிப்போனது. அன்றைக்கு அம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

வாரண்டியை நம்பியிருந்தால் நாங்கள் அப்போது போன் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். மைனி யாரையும் பார்க்காமல் ஒயரைக் கழற்றினாள், மூடியைத் திறந்தாள். எங்கே தொட வேண்டும் என்பதில் தடுமாற்றம் இல்லை. மெமரிப் பட்டையைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினாள். சனிக்கிழமை பிரஷ் எட்டாத அதன் தங்க நிறப் பற்களில் பாசி மாதிரி பச்சை பூத்திருந்தது. "யாருகிட்ட ரப்பர் இருக்கு?" என்று கேட்டாள். ஒரு பிள்ளை பையிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து நீட்டினாள். அதை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, ஊதி, செருகி, பட்டனை அழுத்தினாள். மறுபடியும் கத்தல். "சவத்த மூதி!" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்துக் குழியையும் துடைத்து அதில் மாற்றிச் செருகினாள். கத்தல் நின்று திரை வெளுத்தது. வாசலில் நின்ற ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் வந்திருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் போட்டு முடித்தாள். எங்கள் அம்மா உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டு, மருமகள் கைக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். என் மைனி, என் மைனி என்று ஊர் முழுக்கக் கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

அவள் கணக்கு எல்லா நாளும் சரியாக வந்தது என்று சொன்னால் அது பொய். அடுத்த மழையில் மின்சாரம் ஏறி இறங்கி, பவர் சப்ளை கருகிப்போனது. வீடெல்லாம் நாற்றம். அதை எந்த ரப்பராலும் தேய்த்துச் சரிபண்ண முடியாது. வாரண்டி இருந்திருந்தால் சும்மாவே மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அண்ணன் போனில், "நான் அன்னைக்கே சொன்னேம்லா?" என்று ஆரம்பித்தான். "சொன்னீங்க. யாரு இல்லன்னா? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, வைங்க" என்று வைத்துவிட்டுக் கிளம்பினாள். தூத்துக்குடிக்கு வந்து, என்னையும் ஆபீஸிலிருந்து இழுத்துக்கொண்டு, கடை கடையாக ஏறி அதே அளவில் ஒன்றை வாங்கி, அன்று சாயங்காலமே மாட்டி ஓடவிட்டாள். வாரண்டி ஆள் வந்திருந்தால் ஒரு வாரமோ பத்து நாளோ அறை பூட்டித்தான் கிடந்திருக்கும். வருஷம் முடிந்த அன்று அந்த அறையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஐஸ் பெட்டிக்காரரிடம், "வேற எடம் பாருங்க அண்ணாச்சி, அது எம் மருமவ கட" என்று அம்மாவே சொல்லியனுப்பிவிட்டாளாம். இது மைனிக்குத் தெரிய வந்தபோது அடுப்படியில் போய் அழுதாள்.

அப்புறம் பார்த்தால் கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர், மீன் கம்பெனி பில் போடுகிற பெட்டி எல்லாம் துண்டிலும் போர்வையிலும் சுற்றிக்கொண்டு அந்த முன்னறைக்கு வர ஆரம்பித்தன. வீடியோ பார்த்துக் கற்றது போதாது என்று சனி, ஞாயிறுகளில் தூத்துக்குடிக்கு வந்து ஒரு ஹார்டுவேர் படிப்பும் முடித்தாள். அண்ணன் லீவில் வந்து நின்று, அவள் கருகிய போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதைப் பார்த்துவிட்டு, "கப்பலுக்கு வாரியா, வேல வாங்கித் தாரேன்" என்றான். எங்கள் அண்ணன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

போன வருஷம், நாங்கள் கம்ப்யூட்டர் வாங்கிய அந்தத் தூத்துக்குடிக் கடை முதலாளியே அவளுக்குப் போன் செய்தார். கடற்கரை ஊர்களிலிருந்து புகார் மேல் புகார், போய்ப் பார்க்க ஆள் இல்லை, வாரண்டி வேலையை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். மைனி உடனே தலையாட்டிவிடவில்லை. "கடக்கரைப் பெட்டிய மூணு மாசத்துக்கு ஒருக்கத் தொறந்து துடைக்கணும் அண்ணாச்சி. அது வாரண்டிலயே இருக்கணும். துருப் பிடிச்சது, அதனால வராதுன்னு எங்காளுககிட்ட என்னால சொல்ல முடியாது" என்றாள். முதலாளி ரொம்ப யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார். இப்போது கழுத்தில் போட்டோ போட்ட அட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய்வருகிறாள். யாராவது என்னிடம், ஸ்கூட்டரில் போகிற அந்த அம்மா யார் என்று கேட்டால், கேட்காத கதையையும் சேர்த்துச் சொல்லித்தான் விடுவேன்.

சென்ற மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. பக்கத்து ஊர் மீன்பிடிக்காரர் ஒருவர், மகள் படிப்புக்குக் கம்ப்யூட்டர் எடுக்கப் போய், அதே கடையில் நின்றுகொண்டு பேசினார். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்டது. "அக்கா, மேல மூணு வருஷத்துக்கு வாரண்டி போடச் சொல்லுதான். எல்லாம் நம்மள ஏமாத்துத வேலயா இருக்கும். போடவா, வேண்டாமா?"

நான் இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைனி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"போடுங்க அண்ணே. நாந்தான் வருவேன்."